பிரேக்கில் குறை இல்லை

எங்கள் வேலைக்கு அரசாங்கம் வைத்த பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். தென்காசிப் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையின் உறையிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். லைசென்சுக்கு எட்டுப் போடச் சொல்வது, வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுப்பது, அதிக பாரம் ஏற்றிய லாரியைப் பிடிப்பது என்று நாள் முழுக்க வேலை இருக்கும். ஆனாலும் விபத்தில் மாட்டிய வண்டியில் ஏறி பிரேக்கை மிதித்துப் பார்ப்பவன் என்பதுதான் ஜனங்கள் மனதில் நின்றுவிட்டது. நான் அதைத் திருத்தியதில்லை.

ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. போன மாதம் என் லைசென்ஸைப் புதுப்பிக்கப் பழைய அலுவலகத்துக்குப் போனேன். இப்போது அங்கே இருக்கும் ஆய்வாளர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். விபத்து விவரங்களை இப்போதெல்லாம் செல்போனிலேயே ஏற்றிவிடுகிறார்களாம். திறந்து காட்டினார். ஓட்டுநரின் நிலை என்று ஒரு பகுதி இருந்தது. அதில் மது, செல்போன், தூக்கம் என்று தனித்தனிக் கட்டங்கள்.

“உங்க காலத்துல தூக்கத்தை எங்க சார் எழுதுவீங்க?” என்று கேட்டார்.

“எழுத இடம் கிடையாதும்மா.”

“அப்போ எழுதவே மாட்டீங்களா?”

ஒரு வழக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னேன். முழுசாக எழுதிக் கொடுங்கள், புதிதாக வருபவர்கள் படிக்கட்டும் என்றார். அதனால் இதை எழுதுகிறேன்.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தேன். ஒரு வருடம் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கையோடு நின்றேன். கனரக வண்டி லைசென்ஸ் எடுத்தேன். பரீட்சை எழுதி வேலைக்கு வரும்போது இருபத்தாறு வயது. என் படிப்புக் கதை இவ்வளவுதான். வேலையைக் கற்றது காஜா முகைதீன் சாரிடம்.

அவர் அப்போது தென்காசியில் மூத்த ஆய்வாளர். குட்டையான மனிதர். எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை; வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தாலும் அதில் ஒரு கறை இருக்காது. தோள்பையில் ஒரு துண்டு, அளவு நாடா, சாக்பீஸ், டார்ச், நீளமான ஸ்க்ரூ டிரைவர். விபத்து வண்டி ஸ்டேஷன் வாசலில் கிடந்தாலும் நேரே அதனிடம் போக மாட்டார். சம்பவ இடத்துக்கு முதலில் போக வேண்டும். மோதிய இடத்திலிருந்து, வண்டி வந்த வழியே இருநூறு எட்டு வைத்துத் திரும்பி நடப்பார். தலையைக் குனிந்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே நடப்பார். கூட வந்த போலீஸ்காரர் வெயிலில் நெளிவார். இவர் கண்டுகொள்ள மாட்டார்.

“மொத ரோடு. அப்புறம் வண்டி. ஆளு கடைசி. இத மாத்தாதீரும்வே,” என்பார்.

வண்டியில் ஏறினால் டிரைவர் சீட்டை நகர்த்தக் கூடாது. ஓட்டியவன் எப்படி உட்கார்ந்து ஓட்டினான் என்பதை சீட் சொல்லும். சாருக்குக் கால் எட்டாது. துண்டை மடித்து முதுகுக்குக் கொடுத்துக்கொள்வார். கியர் எதில் நிற்கிறது என்று பார்த்து எழுதுவார். பிரேக்கை மூன்று முறை மிதிப்பார். நான்காவது முறை மிதித்தபடியே முப்பது எண்ணுவார். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கேயோ கசிவு. இறங்கி, பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் மட்டம் பார்ப்பார். நான்கு சக்கரத்தின் உட்புறமும் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவுவார். ஸ்டியரிங், டயர், விளக்கு, ஹார்ன். ஓடும் நிலையில் இருந்தால் ஓட்டிப் பார்ப்பார். இத்தனையும் முடிந்து, கையைக் கழுவி, துண்டில் துடைத்த பிறகுதான் டிரைவர் பக்கம் திரும்புவார்.

“என்ன நடந்துச்சுன்னு கேக்காதீரும். கேட்டா கதைதான் வரும். என்ன பாத்தேன்னு கேளும்.”

கடைசியில் அறிக்கையில் ஒரு வரி எழுத வேண்டும். விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டது, அல்லது இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல. வண்டியைப் பற்றி மட்டும் பேசும் வரி. ஆளைப் பற்றி எழுத எங்களுக்கு இடமும் இல்லை, அதிகாரமும் இல்லை.

ஆனால் ரோட்டில் நடந்தால் தெரிந்துவிடும். கடைசி நொடியில் பயந்து பிரேக் போட்டவன் தாரில் கறுப்புக் கோடு விட்டிருப்பான். விலக நினைத்தவனின் டயர்த் தடம் வளைந்திருக்கும். தூங்கியவன் எதையும் விட்டிருக்க மாட்டான். வண்டி அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி மெதுவாகச் சாய்ந்து ரோட்டை விட்டு இறங்கியிருக்கும். அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். டிரைவரைக் கேட்டால் வயதானவர் ஒத்துக்கொள்வார். “லேசா கண்ணு அசந்துட்டு சார்” என்பார். இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்களில் ஒருவன்கூட எனக்கு அப்படிச் சொன்னதில்லை. நாய் குறுக்கே வந்தது என்பார்கள். ஆடு, மாடு, எதிரே வந்த பைக் என்றும் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் நாய்தான். எங்கள் கோப்புகளை நம்பினால் தென்காசி வட்டாரத்தில் மனிதரைவிட நாய் அதிகம்.

பிறரைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் எல்லைச் சோதனைச் சாவடியில் தொடர்ந்து நான்கு இரவு வேலை பார்த்தேன். ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், பைக்கோடு இலஞ்சிப் பக்கம் நடவு முடிந்த வயலில் கிடந்தேன். எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. ரோட்டில் இருந்தேன், அடுத்து வாயில் சேறு. வயலில் நின்ற பெண்கள் தூக்கிவிட்டார்கள். வீட்டில் நாய் குறுக்கே வந்தது என்றேன். அலுவலகத்தில் கையில் கட்டோடு நின்றபோது காஜா சாரிடமும் அதையே சொன்னேன்.

சார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நாய் என்ன நெறம்வே?”

“செவலை சார்.”

“ம்” என்றார். அவ்வளவுதான். மறுநாள் பணிப்பட்டியலைப் பார்த்தால், இரண்டு இரவு வேலைக்குப் பின் எல்லாருக்கும் ஒரு நாள் ஓய்வு என்று மாற்றி எழுதியிருந்தார். அந்த நாயைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் செவலை நாய்க் கதையைப் பல வருடம் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன்.

இந்த ஊருக்கென்று ஒரு தூக்கம் உண்டு. சாரல் தொடங்கிவிட்டால் மதுரை, கோவை, பெங்களூர் என்று எங்கெங்கிருந்தோ பையன்கள் கார் எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு வருவார்கள். ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வருவான். விடிந்ததும் மெயினருவி, பிறகு ஐந்தருவி. அருவித் தண்ணீர் தலையில் ஒரு மணி நேரம் விழுந்தால் உடம்பு எப்படி ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். ஊர்க்காரன் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்து பாய் விரிப்பான். வந்தவன் எண்ணெய் மசாஜும் செய்துகொண்டு, வயிறு முட்ட பரோட்டாவோ பிரியாணியோ தின்றுவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிப்பான். சோதனையில் நிறுத்தி, கண் சிவந்திருக்கிறதே தம்பி, கொஞ்சம் படுத்துட்டுப் போயேன் என்றால் சிரிப்பான்.

“எனக்குப் பழக்கம் சார். பாட்டப் போட்டுட்டு ஜன்னலத் தொறந்து விட்டுட்டா போதும்.”

“தூக்கம் வந்தா எனக்கே தெரியும் சார். ஓரங்கட்டிருவேன்.”

இந்த இரண்டாவது பதிலைத்தான் நான் அதிகம் கேட்டது. அதில் பொய் இல்லை; நிஜமாகவே அப்படி நம்புகிறார்கள். குடித்துவிட்டு ஓட்டினால் தப்பு என்று தெரியும். தூங்காமல் ஓட்டுவதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

நான் சொல்ல வந்த வழக்கும் அப்படி ஒரு சாரல் மாதத்தில் வந்ததுதான். காஜா சார் அதற்குப் பல வருடம் முன்பே ஓய்வு பெற்றுக் காலமாகிவிட்டார். அப்போது நானே மூத்த ஆய்வாளர்.

பையன் பெயர் இசக்கிராஜா. அச்சன்புதூர். வயது இருபத்து மூன்று. அப்பா விவசாயி. அவன் போலீஸ் தேர்வில் தேறி, ஓட்டமும் கயிறு ஏறுவதும் எல்லாம் முடித்து, பயிற்சிக்கு அழைப்பு வரக் காத்திருந்தான். அதுவரை சும்மா இருப்பானேன் என்று பக்கத்துத் தெருக்காரர் ஒருவரின் வாடகைக் காரை ஓட்டினான். முந்தைய இரண்டு இரவும் விமான நிலையச் சவாரி. மூன்றாம் நாள் காலை பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு குடும்பத்தை ஐந்தருவிக்கு அழைத்துப் போயிருக்கிறான். அவர்கள் குளிக்கும்போது அவனும் குளித்தான். மதியம் சாப்பிட்டு, அவர்களைப் பாவூர்சத்திரத்தில் இறக்கிவிட்டு, தனியாகத் தென்காசிப் பக்கம் திரும்பினான். மணி மூன்று. நேர் ரோடு. மழையில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்ற பேச்சியம்மாள் என்ற பெண் மேல் கார் ஏறிவிட்டது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கும் வேலை செய்தவர். நாற்பத்தைந்து வயது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இரண்டு மணி நேரத்தில் இறந்துபோனார்.

பிரேக் பிடிக்கவில்லை என்று ராஜா போலீசில் சொல்லியிருந்தான்.

மறுநாள் காலை எனக்கு ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்தது. அது கையில் கிடைப்பதற்கு முன்பே ராஜாவின் தாய்மாமன் அலுவலக வாசலில் நின்றார். அவரே வேறு மாவட்டத்தில் ஏட்டு. நல்ல உயரம், மரியாதையான பேச்சு.

“சார், அவன் பொய் சொல்லுத பய இல்ல. பிரேக் புடிக்கலங்கான். நீங்க ரெண்டு வார்த்தை எழுதுனா போதும். கேஸ் நிக்காது. இல்லைன்னா அவன் வேலை போச்சு. எங்க அக்கா வயல்ல கெடந்து படிக்க வச்ச புள்ள சார்.”

“வண்டியப் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

“இதுல யாருக்கு என்ன நட்டம் சார்? செத்தவங்களுக்கு இன்சூரன்ஸ் எப்படியும் வந்திரும்.”

 அவர் சொன்னது எனக்கு நியாயமாகக்கூடப் பட்டது. போனவர் திரும்பி வரப் போவதில்லை. இருபத்து மூன்று வயதுப் பையன்.

முதலில் ரோட்டுக்குப் போனேன். பஸ் நிறுத்தத்தில் உடைந்த கண்ணாடித் தூளும், ஒரு பிளாஸ்டிக் தூக்குவாளி மூடியும் கிடந்தன. அங்கிருந்து பாவூர்சத்திரம் நோக்கிப் பின்னோக்கி நடந்தேன். கறுப்புக் கோடு இல்லை. மண் ஓரத்தில் மட்டும் இடது சக்கரத் தடம், முப்பது எட்டு நீளத்துக்கு, கொஞ்சமும் வளையாமல் சாய்வாக வந்து நிறுத்தத்தில் முடிந்தது. தொடர்ந்து நடந்தேன். நூற்றைம்பதாவது எட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். ரோட்டோரம் தென்னை ஓலை மட்டைகள் குவியலாகக் கிடந்தன. பக்கத்தில் யானைச் சாணி.

எதிரே டீக்கடை. கேட்டேன்.

“நேத்து கும்பாபிசேகத்துக்கு வந்த யானை சார்,” என்றார் கடைக்காரர். “மத்தியானத்துலேருந்து நாலு மணி வர இங்கனதான் கட்டிப் போட்டிருந்தாங்க. புள்ளைலுவ கூட்டம் தாங்கல. போற வார பஸ்ஸெல்லாம் நின்னு பாத்துட்டுப் போச்சு. விபத்து நடந்தப்ப சத்தம் கேட்டு யானையே மெரண்டு போச்சுன்னா பாத்துக்கிடுங்க.”

“யானை முகம் எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“ரோட்டப் பாத்துத்தான் சார். நெத்திப் பட்டம் கட்டி.”

பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன். எட்டுக் கணக்கையும் எழுதினேன். அறுபது வேகத்தில் வரும் கார் அந்த இடத்திலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு வர ஏழு விநாடி ஆகும்.

ஸ்டேஷனில் கார் வேப்பமரத்தடியில் நின்றது. முன்பக்க இடது மூலை நசுங்கி, கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிந்திருந்தது. இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் அடி இல்லை. மதில் ஓரமாக அந்தோணி நின்றான். தென்காசியில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். நான்கு நாள் முன்புதான் அந்தக் காருக்கு பிரேக் பேட் மாற்றியிருந்தான். போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வேர்த்து, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“சார், நல்ல பேடுதான் சார் போட்டேன். ஓட்டிப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்,” என்றான். நான் கேட்காமலே இரண்டு முறை சொன்னான்.

யாருக்கு என்ன நட்டம் என்று ஏட்டு கேட்ட கேள்விக்குப் பதில் மதில் ஓரம் நின்றது. பிரேக் பிடிக்கவில்லை என்று நான் எழுதினால் அடுத்த கேள்வி அந்தோணியிடம்தான் வரும்.

இன்னொருவரும் நின்றார். நீலக் கைலி, தோளில் மூட்டை தூக்கும் சாக்குத் துணி. பேச்சியம்மாளின் கணவர் சண்முகம். மார்க்கெட்டில் சுமை தூக்குபவர். உடலை வாங்குவதற்குக் கையெழுத்துப் போட வந்தவர், நான் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பக்கத்தில் வந்தார்.

“பிரேக்கு புடிக்கலன்னு சொல்லுதாங்களே சார். நெசமா?”

“பாத்துட்டுத்தான் அண்ணாச்சி சொல்ல முடியும்.”

“பாருங்க,” என்று மரத்தடியில் உட்கார்ந்தார்.

சீட்டை நகர்த்தாமல் ஏறினேன். கியர் நான்கில் நின்றது. பெடலை மூன்று முறை மிதித்தேன். நான்காவது முறை மிதித்து முப்பது எண்ணினேன். கால் இம்மிகூட இறங்கவில்லை. ஆயில் நிறைந்திருந்தது. நான்கு சக்கரமும் காய்ந்திருந்தன. புது பேடில் தேய்மானமே இல்லை. நசுங்கிய தகடு டயரில் உரசாமல் கடப்பாரையால் நெம்பிவிட்டு, ஸ்டேஷன் பின்னால் இருந்த காலி மைதானத்தில் ஓட்டினேன். வேகம் எடுத்து ஒரே மிதி. மண்ணில் இரண்டு தடமும் ஒரே அளவாக விழுந்து கார் நின்றது. திரும்ப ஒருமுறை. அப்போதும் நின்றது.

இறங்கிக் கை கழுவினேன். பிறகுதான் ராஜாவைக் கூப்பிடச் சொன்னேன்.

கட்டுமஸ்தான பையன். போலீசுக்குப் போகிறவன் மாதிரியே முடி வெட்டியிருந்தான். கண் வீங்கியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டரும் தாய்மாமனும் பக்கத்தில் நின்றார்கள்.

“பாவூர்சத்திரத்துல ஆள எறக்கிவிட்டுத் திரும்புனதுக்கு அப்புறம் என்ன பாத்தே தம்பி? ஒவ்வொண்ணாச் சொல்லு.”

“பெட்ரோல் பங்கு பாத்தேன் சார். அதுக்கப்புறம் ஒரு வேகத்தடை, ஏறி எறங்குனேன். அப்புறம் பஸ் ஸ்டாப்பு. அந்தம்மா கண்ணாடியில…” நிறுத்தினான். “பிரேக்க மிதிச்சேன் சார். புடிக்கல.”

“வேகத்தடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவுல?”

“ஒண்ணும் இல்ல சார். காலி ரோடு.”

“யானையப் பாக்கலியா?”

அவன் என்னைப் பார்த்தான். கேலி செய்கிறேன் என்று நினைத்திருக்கிறான். முகம் சிவந்துவிட்டது.

“எந்த யானை சார்?”

சப்-இன்ஸ்பெக்டருக்குத் தாங்கவில்லை. “ஏலே, ரோட்டோரத்துல பட்டம் கட்டி யானை நின்னுருக்கு. ஊரே நின்னு பாத்திருக்கு. ஒனக்குத் தெரியலியா?”

ராஜா மாமனைப் பார்த்தான். மாமன் தரையைப் பார்த்தார். அங்கே யானை நின்ற கதை அவர் காதுக்கும் வந்திருக்கும். சம்பவ இடத்தைப் போய்ப் பார்த்தவர்தான். ராஜா என் பக்கம் திரும்பினான். பிறகு நோயாளி டாக்டரிடம் கேட்பது மாதிரி மெதுவாகக் கேட்டான்.

“அப்போ… நான் தூங்கிட்டனா சார்?”

“அதச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல தம்பி. பிரேக் நல்லா இருக்கு. அதத்தான் நான் சொல்ல முடியும்.”

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். அழவில்லை. அவன் பொய் சொல்லவில்லை என்று மாமன் சொன்னது உண்மைதான். கார் மோதிய பிறகு கண் திறந்திருக்கிறான். அதற்குப் பிறகு பிரேக்கை மிதித்திருக்கிறான். அந்த நேரத்துக்கு எந்த பிரேக்கும் போதாது.

மதில் ஓரத்தில் அந்தோணி முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான்.

அறிக்கையில் வழக்கமான வரியை எழுதினேன். அதற்குக் கீழே, மோதிய இடத்துக்கு முன் நூற்றைம்பது எட்டு தூரத்துக்கு பிரேக் தடம் இல்லை என்றும், அந்த இடத்தில் சாலையோரம் நின்ற யானையை ஓட்டுநர் பார்த்ததாகச் சொல்லவில்லை என்றும் இரண்டு வரி சேர்த்தேன். எங்கள் மேலதிகாரி படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“என்ன சார் இது, யானை கீனைன்னு? நமக்கு வண்டிதானே. ஆளப் பத்தி எழுத நம்ம யாரு?”

“நான் ரோட்டுல பாத்தத எழுதியிருக்கேன் சார். தூங்குனான்னு எழுதல.”

“கோர்ட்டுல வக்கீல் உம்மளக் கிழிப்பாரு.”

“கிழிக்கட்டும் சார்.”

கொஞ்ச நேரம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முத்திரை வைத்துக் கொடுத்தார். முப்பது வருடத்தில் வண்டியைத் தாண்டி நான் எழுதிய வரிகள் அவை மட்டும்தான்.

வக்கீல் கிழிக்க வேண்டிய தேவை வரவில்லை. வழக்கு விசாரணைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் ராஜாவின் போலீஸ் வேலை போய்விட்டது. நிலுவையில் வழக்கு இருந்தால் எடுக்க மாட்டார்கள். நான் சாட்சி சொல்லப் போன அன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவன் தனியாக நின்றான். இளைத்திருந்தான்.

“வக்கீல் யானைக் கதையெல்லாம் ஒடச்சிரலாம்ங்காரு சார்,” என்றான். “நான் வேண்டாம்னுட்டேன். மாமா எங்கிட்டப் பேசுறதில்ல.” பிறகு கேட்டான், “ஒண்ணு கேக்கணும் சார். நான் தூங்குனது எனக்கே எப்படி சார் தெரியாமப் போச்சு? தூக்கம் வந்தா தெரியும்லா?”

நான் அவனிடம் வயலில் விழுந்த கதையைச் சொன்னேன். நாய் எதுவும் வரவில்லை என்று வாய் திறந்து ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

“எனக்கும் தெரியல தம்பி. எனக்கு வயல்ல சேறு. ஒனக்கு பஸ் ஸ்டாப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.”

 அது அவனுக்கு ஆறுதலாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டதும் போய் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை அனுபவித்தான். லைசென்ஸ் சில வருடத்துக்கு முடக்கப்பட்டது.

அன்று சண்முகமும் வந்திருந்தார். வெளியே வரும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

“தூங்கிட்டான், அவ்வளவுதானா சார்?”

“அவ்வளவுதான் அண்ணாச்சி.”

“எம் பொண்டாட்டி காலைல நாலு மணிக்கு எந்திரிப்பா. பொங்கி வச்சிட்டு அஞ்சு மணிக்கு மார்க்கெட்டுல நிப்பா. அவளுக்கும் தூக்கம் உண்டு சார். அன்னைக்கு அந்த ஸ்டாப்புல முழிச்சிக்கிட்டுத்தான் நின்னா.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னார். சாக்குத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். 

அதற்குப் பிறகு லைசென்ஸ் எடுக்க வரும் பிள்ளைகளிடம் எட்டுப் போடச் சொல்வதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்பேன். நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய், எத்தனை மணிக்கு எழுந்தாய். சிலர் பெருமையாக, “ரெண்டு மணி நேரம்தான் சார்” என்பார்கள். இன்னொரு நாள் வா என்று அனுப்பிவிடுவேன். இதற்காக என்மேல் புகார்கூடப் போனது. விதியில் அப்படி எதுவும் இல்லை என்று விளக்கம் கேட்டார்கள். விதியில் இல்லைதான் என்று பதில் எழுதிக் கொடுத்தேன். ஓய்வு பெறும்வரை கேட்பதை நிறுத்தவில்லை. அதனால் எத்தனை பேர் திருந்தினார்கள் என்று கேட்டால் தெரியாது.

ராஜாவை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். இந்த வருடம் சித்திரையில் மகள் வீட்டு விசேஷத்துக்கு மொத்தமாகக் காய் எடுக்கப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். தெரிந்த வியாபாரி ஒருவர், மூட்டைகளை வீட்டுக்கே டெம்போவில் அனுப்புகிறேன் என்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

“டிரைவர் தங்கமான பய சார். ஆனா ஒரு கொணம். மத்தியானம் ஆச்சுன்னா வண்டிய ஓரங்கட்டிட்டுப் படுத்திருவான். காய் வாடட்டும், நான் கத்தட்டும், அரை மணி நேரம் எந்திரிக்க மாட்டான். இதுக்காகவே ரெண்டு மொதலாளிமாரு வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. அச்சன்புதூர்க்காரன், பேரு ராஜா.”

நான் போய்ப் பார்த்தேன். மார்க்கெட் மதிலின் நிழலில் வண்டி நின்றது. தக்காளிக் கூடைகள் ஏற்றி, தார்ப்பாய் கட்டி முடித்திருந்தது. முன்சீட்டில் கால் நீட்டி, கையை நெற்றியில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. சாவி சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் பக்கத்தில் வைத்திருந்த செல்போன் அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. அவன் அசையவில்லை.

கடையிலிருந்து வியாபாரி சத்தம் போட்டார். “சார், ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிடுங்க! நேரமாச்சுல்லா!”

தூங்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டு, அவன் எழுந்திருக்கும்வரை வண்டி நிழலிலேயே நின்றேன்.